ஒட்டகத்துக்கு ஊற்றிய எண்ணெய்

அந்தக் காருக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தது தையல்காரரின் மனைவி. நிறுத்திவைத்தால் வயிறு தரையைத் தொடாத குறையாக அமுங்கிவிடும். சாவியைத் திருகினால் முதலில் பின்பக்கம் எழும், பிறகு முன்பக்கம், கடைசியில் ஒரு பெருமூச்சு. மற்ற வண்டிகளைச் சுருள் கம்பி தாங்கும். இதைத் தாங்குவது குழாய்களில் ஓடும் பச்சை எண்ணெய். அதனால் பள்ளம் மேடு எதுவும் உள்ளே இருப்பவருக்கு உறைக்காது. சொல்லிக்கொள்ளும்படி வேறு எந்தப் பெருமையும் அந்தக் கிழட்டு வண்டிக்கு இல்லை.

முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்த அவள் இன்று மதியம் வீட்டுக்கு வருகிறாள். உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வேன் ஒன்று இருந்தது. அதில் ஏறினால் நல்ல முதுகும் கழன்றுவிடும். "நான் ஒட்டகத்துலதான் வருவேன்" என்று அவள் போனில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒட்டகமோ ஒழுகிக்கொண்டிருந்தது. முதலில் பொட்டு மாதிரி இருந்த பச்சைக் கறை இப்போது தட்டு அகலத்துக்கு வந்துவிட்டது. மெக்கானிக்கைக் கேட்டதற்கு, "சின்னக் கசிவுதான் சார். வண்டி எழுந்து நிக்கிறப்போ மூடியைத் திறந்து, எண்ணெய் கோடு வரைக்கும் இருக்கான்னு பாருங்க. நான் ஊருக்குப் போய்ட்டு வந்து பாக்குறேன்" என்றார். தையல்காரர் பார்த்தார். கோடு வரைக்கும் ஊற்றினார், அதற்கு மேலும் ஊற்றினார். எந்தத் துணியிலும் மடிப்புக்குள் ஒரு விரல் கூடுதலாக விட்டுத் தைத்தே பழகிய கை, எண்ணெயை மட்டும் அளந்தா ஊற்றும்?

வண்டி அவருக்கும் மைத்துனனுக்கும் பொது. பகலில் இவர் ஓட்டுவார், சாயங்காலம் அவன். அவன் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவன். அக்காவின் ஆபரேஷனுக்கு இவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அன்று, ஆஸ்பத்திரி நடையில் எல்லார் காதும் கேட்க, "கோட்டுத் துணின்னு நெனச்சீங்களா, வெட்டித் தச்சுடலாம்னு?" என்று கேட்டுவிட்டான். அந்த வார்த்தை தையல்காரருக்கு ஊசியாகக் குத்தி அப்படியே நின்றது. அதன் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாவி மட்டும் ஷெட்டுச் சுவரில் இருந்த ஆணி வழியாகக் கைமாறிக்கொண்டிருந்தது.

இன்று காலையில் வண்டியை எழுப்பி, முன்மூடியைத் தூக்கி, எண்ணெய் டப்பாவோடு அவர் குனிந்தபோது பின்னால் கதவு கிறீச்சிட்டது. மைத்துனன். அவன் கையிலும் அதே டப்பா.

முகத்தைத் திருப்பிக்கொள்ள இருவருக்குமே நேரம் போதவில்லை.

"உனக்கு எதுக்குய்யா இது?"

"ஒழுகுதே மாமா, இன்னைக்கு அக்கா வேற வர்றா. தெனம் சாயங்காலம் ஊத்திக்கிட்டுதானே இருக்கேன்."

"தெனமுமா? காலையில நான் ஊத்துறேனே!"

"எவ்வளவு?"

"கோட்டுக்குக் கொஞ்சம் மேல."

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "நானும் மேலதான். பெயின்ட்டு பாதிச் சுவத்துல தீர்ந்துபோச்சுன்னா மறுபடி கலக்குறது அதே நிறம் வராது மாமா. எதையும் மிச்சமா வச்சே பழகிட்டேன்."

அவன் என்ஜினை அணைத்து, வண்டியைத் தாழ்த்தும் பிடியைத் தள்ளினான். ஒட்டகம் மெல்ல உட்கார்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தியிருந்த எண்ணெயெல்லாம் தொட்டிக்குத் திரும்ப, தொட்டி நிரம்பி, மூடியின் சிறு துளை வழியே பச்சையாக வழிந்து தரைக்கு ஓடியது.

"அட, நாம ஊத்துனதைத்தான் துப்புது!" என்றார் தையல்காரர். அடக்க மாட்டாமல் சிரிப்பு வந்தது, அவனுக்கும் தொற்றிக்கொண்டது. அவர் நினைத்து நினைத்துப் பயந்த கசிவில் பெரும்பங்கு அவர்களுடைய தாராளம்.

வண்டியை மறுபடி எழுப்பி, கூடுதலை ரப்பர் குழாயால் கோடு வரைக்கும் இறக்கினார்கள். எல்லாவற்றையும் பழைய துணியால் துடைத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் நிஜமான கசிவு கண்ணில் பட்டது: தொட்டிக்குத் திரும்பிவரும் ரப்பர் குழாயின் வாயில், தளர்ந்த கவ்விக்கு அடியில், ஒரே ஒரு சொட்டு. மைத்துனன் திருப்புளியால் கவ்வியை இறுக்கினான். அவர் கீழே ஒரு அட்டையை விரித்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அட்டை சுத்தமாக இருந்தது.

"மாமா, அன்னைக்கு நான் பேசினது..."

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்தத் தாளை எத்தனை தடவை படிச்சேன்னு உனக்குத் தெரியாதுய்யா" என்றார் அவர். சொல்லிவிட்டதும் நெஞ்சு லேசானது. "எனக்கும் பயம்தான். உன்னவிட அதிகம்."

"தெரியும் மாமா. தெரிஞ்சேதான் பேசினேன். எனக்கு வேற யாரைத் திட்டுறதுன்னு தெரியல."

மதியம் அவளை முன்சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கணவன் ஓட்ட, தம்பி பின்னாலிருந்து தலையணையைப் பிடித்துக்கொண்டான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா? எனக்கு இன்னும் மயக்கம் தெளியலையா?"

பாலத்துக்கு முன்னால் சாலை பெயர்ந்து கிடந்தது. தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை இறக்கினார். ஒட்டகம் முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, நிதானமாக ஏறி அக்கரை சேர்ந்தது. பயந்து பயந்து பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிப்போயிருந்தாள்.

கண்ணாடியில் மைத்துனனின் கண் அவர் கண்ணைச் சந்தித்தது. இத்தனை நாள் பேசாமல் விட்டதையெல்லாம் சொல்ல அவன் வாயெடுத்தான். அவர் உதட்டில் விரலை வைத்தார். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று வீடு வந்து சேரும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.