ஆற்றுச்சாலையில் எதிர்காற்று

எலாடியா பலகையில் எழுதி முடித்து சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் பாரில் பேச்சு நின்றுவிட்டது. முதலில் மலைப்பாதை, பிறகு டோரெமுயெலாவில் சாப்பாடு, திரும்புவது ஆற்றுச்சாலை. மொத்தம் அறுபத்திரண்டு கிலோமீட்டர்.

பெனாரோசா ஊர் சைக்கிள் கூட்டத்துக்குப் பதினொரு வருஷமாக அவள்தான் வழி போடுகிறாள். சனிக்கிழமை மதியம் வெர்முத் மது குடிக்கிற வேளையில் எழுதுவாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒன்பது பேரும் மறுபேச்சில்லாமல் மிதிப்பார்கள்.

இன்றைக்கு மறுபேச்சு வந்தது. காஸ்பர்தான் ஆரம்பித்தான். டிராக்டர் பழுது பார்க்கிறவன், வாயும் டிராக்டர்தான்.

"என்ன அம்மணி, நாளைக்கு சியெர்சோ அடிக்கப்போவுதுன்னு ரேடியோக்காரன் தொண்ட கிழியக் கத்துறான். நீ ஆத்துரோட்டுல திரும்பி வரச் சொல்ற. இருவது கிலோமீட்டரும் மூஞ்சிலயே அறையும். எம்பொண்ணு கூட இப்பிடி வழி போடமாட்டா. அவளுக்கு ஆறு வயசு."

எலாடியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். வடமேற்கிலிருந்து சியெர்சோ காற்று அடிக்கிற நாளில் ஆற்றுச்சாலையில் முதுகுக்காற்றோடு போய், மலை மறைவில் திரும்பி வர வேண்டும். அந்த ஊரில் சைக்கிள் ஏறிய எவருக்கும் தெரிந்த விஷயம். அவளோ மூன்று நாளாக மேடுகளையே அளந்துகொண்டிருந்தாள். காற்று என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரவில்லை.

மேட்டை அளந்ததற்குக் காரணம் மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் ஃபெர்மின். ஏப்ரலில் அவனுக்கு நெஞ்சடைப்பு வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஊருக்குச் சொன்னது முதுகுவலி என்று. சைக்கிள் ஓட்டலாம், நிதானமாக ஓட்டலாம், நாடித்துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாண்டினால் கையிலுள்ள கடிகாரம் கத்தும். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியிருந்தான். பரிதாபப்பட்டு எவனாவது முதுகைத் தடவினால் அன்றைக்கே செத்துப்போவேன் என்றான். திமிர் பிடித்தவன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு என்றால் டோரெமுயெலாவில்தான் சாப்பாடு. அதை மாற்ற முடியாது. போன வழியே திரும்புவது கூட்டத்துக்கு மானக்கேடு. மிச்சம் இந்த வளையம் ஒன்றுதான். அவள் எழுதியபடி சுற்றினால் எட்டு கிலோமீட்டர் சாய்வான ஏற்றம், கிழவர்கள்கூட ஏறுவார்கள். மாற்றிச் சுற்றினால் கழுதைக்கொல்லி மேடு. மூன்று கிலோமீட்டர், சுவர் மாதிரி நிற்கும்.

"கைய தூக்குங்கப்பா. மாத்திச் சுத்துவோம்னு சொல்றவங்க யாரு?" என்றான் காஸ்பர்.

ஏழு கைகள் எழுந்தன. எட்டாவதாக எழுந்தது ஃபெர்மினின் கை.

"கழுதைக்கொல்லிதானே, போவோம். எனக்கென்ன," என்றான் அவன்.

பாவி, தன் சாவுக்குத் தானே கைதூக்குகிறானே. எலாடியாவின் வாய் முந்திக்கொண்டது.

"என்னால ஏற முடியாது. எனக்கு நெஞ்சுல கோளாறு. டாக்டர் செங்குத்து மேடு ஏறக் கூடாதுன்னுட்டாரு."

எல்லாக் கைகளும் இறங்கின. ஃபெர்மின் அவளை முறைத்தான். காஸ்பர் பலகையைப் பார்த்து, "அப்ப எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும். முன்னாடியே சொல்றதுக்கென்ன தாயி," என்றான். அவன் குரல் இவ்வளவு தணிந்து அவள் கேட்டதே இல்லை.

ஞாயிறு காலை மலைப்பாதை நல்லபடியாகப் போயிற்று. கடிகாரம் ஒருமுறைகூடக் கத்தவில்லை. டோரெமுயெலாவில் பொரித்த முட்டையும் தொத்திறைச்சியும் தின்றார்கள். எலாடியாவின் கிளாஸில் ஒயினுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினார்கள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் சைக்கிளில் ஏறினாள்.

ஆற்றுச்சாலைக்குத் திரும்பியதும் காற்று அறைந்தது. காஸ்பர் ஆட்களை வரிசைப்படுத்தினான். "எலாடியா கடைசில. யாரும் அவள முன்னால விடாதீங்க. ஃபெர்மின், நீ முதல்ல போ. சொந்தத் தங்கச்சிக்கு நீதானே காத்து மறைக்கணும்."

அந்தக் கூட்டத்தின் வழக்கம் அது. ஒருவருக்கு உடம்புக்கு ஆகவில்லையென்றால் ரத்தசொந்தம்தான் முதலில் முன்னால் போய்க் காற்றை முகத்தில் வாங்க வேண்டும். முடியாதபோது முழங்கையை வெளிப்பக்கம் ஆட்டினால் பின்னால் இருப்பவன் முன்னால் வருவான். இருபது வருஷத்தில் ஃபெர்மின் முழங்கையை ஆட்டி யாரும் பார்த்ததில்லை. அவன் முன்னால் போனான்.

எந்த மேட்டிலிருந்து எலாடியா அவனைக் காப்பாற்றினாளோ அதையே படுக்கவைத்து இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு அவன் முன்னால் விரித்துவிட்டிருந்தாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் கடிகாரம் கத்தியது. காற்று அந்தச் சத்தத்தை வரிசையின் கடைசிவரை கொண்டுவந்தது.

"என்னப்பா அது?" என்றார் யாரோ.

"அலாரம்," என்று கத்திவிட்டு ஃபெர்மின் பொத்தானை அழுத்தினான். சத்தம் நின்றது. அது நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து மிதித்தாள். "ஏய், எங்க போற?" என்று காஸ்பர் கையை நீட்டித் தடுத்தான். அதையும் தட்டிவிட்டுப் போய் அண்ணனோடு ஒட்டினாள்.

கடிகாரத்தில் நூற்றைம்பத்தொன்று. அவன் உதடு வெளுத்திருந்தது.

"முழங்கைய ஆட்டுண்ணே."

"சத்தியம் பண்ணியிருக்க."

"நான் வாயத் திறக்கல. நீ ஆட்டு."

"போயிரு எலா. இன்னும் கொஞ்ச தூரம்."

"பதினேழு கிலோமீட்டர் இருக்கு. உன்ன ரோட்டுல கெடத்திட்டு அண்ணிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது? திமிருலயே செத்தான்னு சொல்லவா?"

அவன் மிதித்தான். பத்து மிதி, இருபது மிதி. அவள் அழுதுகொண்டே அவனோடு மிதித்தாள். கடைசியில் அவனுடைய வலது முழங்கை இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே அசைந்தது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. காஸ்பர் கண்ணில் பட்டது.

அவன் வேகமாக முன்னால் வந்தான். ஃபெர்மினின் வெளுத்த உதட்டைப் பார்த்தான். மூச்சு வாங்காமல் மிதிக்கும் எலாடியாவைப் பார்த்தான்.

"நெஞ்சுக் கோளாறு யாருக்குடா?"

"எனக்கு," என்றான் ஃபெர்மின்.

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல்."

"உனக்குக் காத்து மறைக்க எங்களுக்குக் கை கால் வெளங்காமப் போச்சா? கழுத," என்றான் காஸ்பர். எல்லோரையும் நிறுத்தி, ஃபெர்மினைப் பாலத்துச் சுவரில் உட்காரவைத்தான். கடிகாரம் தொண்ணூறுக்கு இறங்கும்வரை எல்லோரும் அவனைச் சுற்றிக் காற்றை மறைத்து நின்றார்கள். ஃபெர்மின் எழுந்தபோது, "வண்டி சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டான் காஸ்பர். ஃபெர்மின் தலையை ஆட்டி மறுத்தான்.

"அப்ப நடுவுல வா. அந்தச் சத்தத்த மறுபடி போடு."

ஃபெர்மின் பொத்தானை அழுத்தினான். எலாடியா முன்னால் போய்க் காற்றை வாங்கினாள். அங்கிருந்து ஊர்வரை கடிகாரம் கத்தும்போதெல்லாம் எட்டுப் பேரும் ஒன்றாக வேகத்தைக் குறைத்தார்கள்.