ஏப்ரல் மாத வரைபடம்

என் கட்டுரையை நானே திருடிவிட்டேன் என்று ஓரான் நகரத்து ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த வார்த்தைகளில் எழுதவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். தாங்கள் அனுப்பிய கட்டுரையின் பெரும்பகுதி, சில மாதங்களுக்கு முன் வேறோர் இதழில் வெளியான கட்டுரையுடன் ஒத்துப்போகிறது, ஒரு வாரத்துக்குள் விளக்கம் தேவை, இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்போம். கீழே பதிப்பாசிரியர் ஸக்கியா பென்தாலெப்பின் பெயர். கூடவே மென்பொருள் கொடுத்த அறிக்கை. பக்கம் பக்கமாக என் வாக்கியங்கள் சிவப்பில் கிடந்தன.

எங்கள் ஊர் ஸெத்தீஃபில் அன்று பனி கொட்டியது. ஆய்வகத்து ஹீட்டர் வழக்கம்போலச் செத்துக் கிடந்தது. விறைத்த விரலால் அந்த இன்னொரு கட்டுரையைத் திறந்தேன். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். அப்துல்ஹஃபீத் மெர்சூக். என் நெறியாளர்.

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் அங்கீகாரம் பெற்ற இதழில் ஒரு கட்டுரை வந்தாக வேண்டும். அது இல்லாமல் ஆய்வேட்டை வாங்கவே மாட்டார்கள். அந்த ஒரு கட்டுரைக்காகத்தான் நகரத்து மேட்டுக் குடியிருப்பில் தெருவுக்கடியில் இறங்கி, குழாயில் அளவுக்கருவி பொருத்தி, ஜனங்கள் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள், எவ்வளவு ஒழுகிப் போகிறது என்று கணக்கெடுத்தேன். எழுதி மெர்சூக்கிடம் கொடுத்தேன். "இன்னும் பழுக்கல" என்றார். திருத்திக் கொடுத்தேன். பழுக்கவில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசியில் எரிச்சலில் அவரிடம் சொல்லாமல் நானே ஓரானுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் அறைக்கு ஓடினேன். கத்துவதற்குத் தயாராகத்தான் போனேன்.

"வா மகளே, உட்காரு. காபி சொல்லட்டுமா?"

"காபி வேணாம் உஸ்தாத். ஓரான்லேருந்து மெயில் வந்திருக்கு."

"எனக்கும்தான் வந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்கிட்ட கேக்காம அனுப்பச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

முதல் கேள்வியிலேயே என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

"நான் எழுதினா பழுக்காது, உங்க பேரு போட்டா மட்டும் பழுத்துடுமா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி ஹஸீபா. உங்கப்பா கொத்தனார்தான?"

"பூச்சு வேலை."

"சரி, பூச்சு வேலை. அவரு பூசின கட்டடத்துல எல்லாம் வாசல்ல அவரு பேரா எழுதியிருக்கு? கருவி வைக்க அனுமதி வாங்கினது யாரு? குடிநீர்த் துறை கொடுத்த கடிதத்துல யாரு பேரு இருக்கு?"

"குழிக்குள்ள இறங்கினது யாரு?"

"இறங்கினே. யாரு இல்லேன்னா?" குரலைத் தணித்துக்கொண்டார். "கேளு. என் கட்டுரை வந்த இதழுக்கு நான் எழுதறேன். மாணவி பேரு விட்டுப்போச்சு, சேத்துக்கங்கன்னு. திருத்தம்னு சின்னதா ஒண்ணு போடுவாங்க. நீ ரெண்டாவது ஆசிரியர். ஓரானுக்கு நீ எழுதிடு, ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலை, தெரியாம அனுப்பிட்டேன், திரும்ப வாங்கிக்கறேன்னு. ஜூன்ல உனக்கு வாய்மொழி. எனக்கு இந்த வருஷம் பதவி உயர்வு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"உங்க கட்டுரையில 2018 ஏப்ரல்னு போட்டிருக்கீங்க. நான் இங்க சேந்ததே 2020ல. நான் அளந்தது 2022ல."

"இல்லேன்னு நிரூபி."

என்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். எதையும் மின்னஞ்சலில் அனுப்ப விடமாட்டார். "பென்டிரைவ்ல கொண்டா, நேர்ல பாக்கலாம்" என்பார். அதைக் கரிசனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணினியில் இருக்கும் கோப்புகளின் தேதியை யாரும் மாற்றலாம். அனுமதிக் கடிதம் அவர் பெயரில், அதுவும் பல வருடத்துக்கானது. வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டால் முதலில் வெளியிட்டவர் அவர். நான்தான் திருடி.

வராந்தாவில் அப்பாவின் போன் வந்தது. சாரத்தின் மேலிருந்து பேசுகிறார் போல, காற்று இரைந்தது.

"ஜூன்ல எத்தனாந்தேதிம்மா? உன் மாமா மார்செய்லேருந்து டிக்கெட் போடணுமாம். உங்கம்மா இப்பவே பாதாம் சேக்க ஆரம்பிச்சுட்டா."

வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அம்மாக்கள் தட்டுத் தட்டாகப் பலகாரம் வைத்து, வராந்தா அதிரக் குலவையிடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து இந்தக் கட்டடத்துக்குள் குலவையிட யாரும் வந்ததில்லை.

"சொல்றேம்ப்பா" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. சிவப்பு வாக்கியங்களை மறுபடி மறுபடி படித்தேன். அதில் எது நான் எழுதியது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மெர்சூக் கேட்ட பதிலைக்கூட எழுதி வைத்துவிட்டேன். தெரியாமல் அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. நியாயம் பேசுகிறவர்கள் பேசட்டும். அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு வரும். பூச்சு வேலைக்காரன் மகளுக்கு வராது.

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி தஸாதித். கபீலி மலைக்காரி, அவள் பேசினால் ஊசி குத்தும். அன்று மதியம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமாடி இத வெச்சு அழுதுட்டிருக்கே?"

"அழல. பதில் எழுதிட்டேன்."

"மன்னிப்பா? உன் வீட்டுக்குள்ள பூந்து திருடினவன்கிட்ட, கதவு கிறீச்சுன்னு சத்தம் போட்டதுக்கு மன்னிப்புக் கேக்கறியா?"

"வேற வழி இருந்தா நீ சொல்லு."

அவள் மெர்சூக்கின் கட்டுரையை உருட்டினாள். வரைபடத்தில் நின்றாள். ஒரு நாளின் நீரோட்டம், பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. எனக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கோடு. மென்பொருள் எழுத்தை மட்டும்தான் ஒப்பிடும், படத்தைத் தொடாது. நானும் மென்பொருள் மாதிரியே எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன, சாயங்காலம் தொபுக்குன்னு விழுது?"

"எது?"

"இங்க. ஏழே காலுக்கு மேல. ஊர்ல ஒருத்தன்கூடக் குழாயத் திறக்கல. அப்புறம் சர்ருன்னு ஏறுது. விடியறதுக்கு முன்னாடி இன்னொரு மேடு." மெல்லுவதை நிறுத்தினாள். "ஹஸீபா, இது நோன்பு மாசம்டி."

ஆமாம். 2022இல் ஏப்ரல் முழுக்க நோன்பு. பாங்கு சொல்லும் வரை சமையலறையில் தண்ணீர் ஓடும். சொன்ன நிமிடத்தில் மொத்தக் குடியிருப்பும் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்துவிடும். ஒரு குழாய் திறக்காது. பிறகு பாத்திரம், தொழுகைக்குக் கைகால் கழுவும் ஒளூ. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு மறுபடி எழுவார்கள். கட்டுரையில் இதை நான் எழுதவே இல்லை. தேதி போட்டால் போதாதா, இங்கே யாருக்குத் தெரியாது என்று விட்டிருந்தேன்.

"2018ல நோன்பு எப்போ?" என்றேன்.

"மே பாதிக்கு மேல. எங்க அக்கா கல்யாணம் ஏப்ரல்ல. பட்டப்பகல்ல ஊரே உக்காந்து கறி தின்னுச்சு." படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, இந்தாளு என்ன எழுதியிருக்காரு பாரு. மாலைச் சரிவுக்குப் பம்புக் கோளாறு காரணமா இருக்கலாமாம். ஊரே நோன்பு திறந்து ஷோர்பா குடிக்குது, இவரு பம்ப ரிப்பேர் பண்றாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதாரம் இல்லாத வரைக்கும் மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்தது. மாதத்தைத் தொடாமல் ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார். என்னை அழிக்க அவர் செய்த அந்த ஒரு காரியம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. இனிமேல் நான் சும்மா இருந்தால், அது என் முடிவு.

மன்னிப்பை அழித்துவிட்டு வேறு எழுதினேன். இரண்டு வரைபடங்களையும், இரண்டு வருடத்து நோன்புத் தேதிகளையும், கருவியிலிருந்து இறக்கிய மூலக் கோப்புகளையும் சேர்த்து அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஸக்கியா பென்தாலெப் போனில் கூப்பிட்டார். வராந்தாவுக்கு வந்து சுவரோடு ஒட்டி நின்றேன்.

"நோன்புன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா எனக்கு இவ்வளவு வேலையே இல்லம்மா" என்றார்.

"தெரியும் மேடம்."

"அவருகிட்டயும் மூலக் கோப்பு கேட்டேன். கம்ப்யூட்டர் மாத்தினப்போ போயிடுச்சுங்கறாரு. எல்லாருக்கும் சரியா அப்பத்தான் போகுது." பெருமூச்சு கேட்டது. "ஆனா தீர்ப்பு சொல்ற ஆள் நான் இல்ல. அவரு கட்டுரை போட்ட இதழுக்கு எழுதணும், உங்க பல்கலைக்கழகத்துக்கு எழுதணும். அவங்க விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் உங்க கட்டுரையை நான் நிறுத்தித்தான் வெக்கணும். ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் ஆகலாம்."

"எனக்கு ஜூன்ல வாய்மொழி மேடம்."

"ஜூன மறந்துடுங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். புகாரை நீங்க உங்க பேர்ல, கையெழுத்துப் போட்டுத் தரணும். உங்க துறையில எல்லாரும் படிப்பாங்க. பாதிப் பேரு, திருட்டுல இந்தப் பொண்ணு பேரும் அடிபட்டுச்சேன்னுதான் ஞாபகம் வெச்சுப்பாங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு நெறியாளரா வர யாரும் சட்டுனு ஒத்துக்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

யோசித்தால் ஜூன் மாதத்துப் பலகாரத் தட்டுகள்தான் கண்ணில் வரும் என்று எனக்குத் தெரிந்தது.

"கையெழுத்துப் போட்டு இப்பவே அனுப்பறேன் மேடம்."

அனுப்பினேன். உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். வராந்தாவின் அந்தக் கோடியில் மெர்சூக்கின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் நிச்சயமில்லை, மாமாவை டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

அப்பா பக்கம் சாந்து கலக்கும் சத்தம் கேட்டது.

"தெரு பூரா சொல்லிட்டேனேம்மா" என்றார்.

"நான் சொல்லச் சொல்லலியே."

"இல்லதான்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏன் நின்னுபோச்சுன்னு கேப்பானுங்க. பதில் சொல்லணும். அந்த ஆளோட பேரு என்ன? முழுசாச் சொல்லு. தப்பாச் சொல்லி வேற எவனையாச்சும் இழுத்துவிட்டுடக் கூடாது."

"அப்புறம் சொல்றேம்ப்பா. இங்க ஆளுங்க இருக்காங்க."

"அவனா திருடினான், நீயா?"

கையை வாயிலிருந்து எடுத்தேன்.

"அப்துல்ஹஃபீத் மெர்சூக்" என்றேன். அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை, காற்றைத் தாண்டிச் சாரத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னேன். திறந்திருந்த கதவுக்குள் சிரிப்பு நின்றது.