இரைச்சலோடு போன குரல்

எங்கள் வீட்டில் துணி காயப்போட ஒழுங்கான கொடி கிடையாது. ஆனால் ஹாம் ரேடியோவுக்கு ஆண்டெனா இரண்டு உண்டு. பேசுவதற்கு மாடியில் ஒன்று, கேட்பதற்குப் பின்பக்கத் தோட்டத்தில் ஒன்று. பேசுவதைவிடக் கேட்பதுதான் கஷ்டம் என்பார் என் வீட்டுக்காரர். பேச வந்துவிட்டார், நான் சொன்னதை என்றைக்குக் கேட்டிருக்கிறார்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வரை நான் வாயைத் திறக்கவில்லை. பாய்மரப் படகில் கடல் தாண்டப் போயிருந்த எங்கள் மகள், நாலு மணிக்கு ரேடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் குரலைக் கேட்டு வாரக்கணக்காகிவிட்டது. நடுவில் புயல் வேறு. சொல்லி வைத்தாற்போல, அன்று காலையிலிருந்து ரேடியோவில் கடுகு பொரிவது போல ஒரே இரைச்சல்.

"வீட்டுக்குள்ள ஏதோ கரன்ட்டுச் சாமான்தான் கத்துது அண்ணே" என்றார் கொழுந்தனார். அவருக்கும் இதே பைத்தியம்தான்.

இரண்டு பேரும் ரேடியோவைத் தவிர வீட்டிலுள்ள ப்ளக்கையெல்லாம் பிடுங்கினார்கள். ஃப்ரிட்ஜ் போச்சு, ஃபேன் போச்சு, வாஷிங் மெஷின் பாதித் துவையலில் நின்றது. இரைச்சல் அசையவில்லை. கடைசியில் கொழுந்தனார் பின்வாசல் பக்கம் எதையோ பிடுங்க, சட்டென்று அமைதி. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

நாலு மணிக்கு இவர் பெடலைக் காலால் மிதித்து மைக்கில் மகளைக் கூப்பிட்டார். மிதித்திருக்கும்வரை நம் குரல் போகும், காலை எடுத்தால்தான் எதிர்ப்பக்கக் குரல் வரும். காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. மறுபடி மிதித்தார், மறுபடி கூப்பிட்டார். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமைன்னா ஊர்ப்பட்ட பேர் பேசுவாங்களே, ஒருத்தர் குரலாவது கேக்குதா? இரைச்சல நிறுத்துறேன்னு உலகத்தையே நிறுத்திட்டு உக்காந்திருக்கீங்க! எம்பொண்ணு என்ன ஆனாளோன்னு எனக்கு ஈரக்குலை நடுங்குது!"

இவர் தம்பியைப் பார்த்தார். "கடைசியா எதைடா பிடுங்கின?"

"பின்வாசல்ல இருந்த கறுப்பு அடாப்டர்."

"அடப்பாவி! தோட்டத்து ஆண்டெனாவோட ஆம்ப்ளிஃபையருக்கு அதுலதான்டா கரன்ட்டு போகுது! அது இல்லேன்னா யார் பேசுறதும் கேக்காது!"

திரும்ப மாட்டினால் திரும்ப இரைச்சல். கத்திக்கொண்டிருந்ததே அந்த அடாப்டர்தான். பழையது நன்றாக இருக்கும்போதே, புதுசு நல்லது என்று முந்தின நாள் இவரே மாற்றியது. கொழுந்தனார் ஓடிப்போய்த் தன் ஸ்கூட்டர் பாட்டரியைக் கழற்றி வந்து, அடாப்டருக்குப் பதிலாக அதை இணைத்தார்.

யார் யாரோ பேசுவது கேட்டது. அதற்கு நடுவில் என் மகள்.

"அப்பா, நீங்க பேசுறது நல்லா கேக்குது. நான் நல்லா இருக்கேன்னு எத்தனை தடவைதான் சொல்றது? பெடல்லேர்ந்து காலையே எடுக்காம அம்மாவைத் திட்ட விட்டீங்களே, அதுவும் கேட்டுச்சு!"

இவர் தன் காலைப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, புயல்லகூட நான் அழல. உன் சத்தத்தைக் கேட்டதும் அழுதுட்டேன். இன்னும் கொஞ்சம் திட்டேம்மா."

இவர் மைக்கை என் பக்கம் தள்ளினார். பெடலை நான் மிதித்தேன். திட்ட வாயைத் திறந்தால், "சாப்பிட்டியாடி?" என்றுதான் வந்தது.