காலைக்கொரு பழுது

முதலில் தேதிதான் தப்பாக வந்தது. ஜெயஷீலா கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் மூலையில் ஏதோ பழைய வருஷத்து ஜனவரி ஒன்று என்று காட்டியது. ஈஸ்டருக்கு முன்பு வரும் லெந்து நாட்களில் பாடுவதற்காகச் சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டுப் புத்தகம் ஒன்று தயார் செய்துகொண்டிருந்தாள். பாதிப் பாட்டுகள் அதற்குள்தான் இருந்தன.

"என்னங்க, இங்க வாங்களேன். தேதி எங்கயோ பின்னால போயிட்டு."

சுந்தர்சிங் வந்து எட்டிப் பார்த்தார். "உள்ள ஒரு பேட்டரி இருக்கும்லா, சட்டை பட்டன் மாதிரி. அது தீந்துட்டு. மாத்திருவோம்" என்றார். அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய் வாங்கிவந்து மாற்றவும் செய்தார்.

அவருக்கு அது ஒரு வேலையே இல்லை. தூத்துக்குடி ஹார்பரில் கிரேன்களின் மின்சாரப் பராமரிப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் பெனிஷா காலேஜில் சேர்ந்தபோது, பாகம் பாகமாக வாங்கி இந்தக் கம்ப்யூட்டரை அவரே கோர்த்தார். பெனிஷா படித்து முடித்து, கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். கம்ப்யூட்டர் மட்டும் முன்னறையில் அப்படியே இருந்தது. முத்தையாபுரத்தில் இரும்பு எதுவும் நிலைக்காது. உப்பளத்துக் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். ஆனாலும் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, ரேம் என்னும் நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவார். தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு வாரத்தில் தேதி மறுபடியும் தப்பாக வந்தது. அவர் மறுபடியும் திறந்தார். அதன்பிறகு அது ஆன் ஆகும், பாதியில் அணையும். ஒருநாள் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். இன்னொரு நாள் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு ஓயும். காலையில் டிபன் முடித்ததும் அவர் சாப்பாட்டு மேஜையில் தினத்தாளை விரித்து, கேபினெட்டைப் படுக்கப் போட்டு, திருகாணிகளை ஒரு சில்வர் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டார்.

"புதுசு ஒண்ணு வாங்கி அனுப்புதேன்னு பெனிஷா சொல்லுதால்லா. விட்ருங்களேன்" என்றாள் ஜெயஷீலா.

"எதுக்கு? இதுல என்ன இருக்கு? ஒரு லூஸ் கனெக்‌ஷன். அத கண்டுபிடிச்சா முடிஞ்சிது."

ஆனால் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருநாள் அவள் அடுக்களையிலிருந்து பார்த்தபோது, அவர் ஒரு கேபிளின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார். பிறகு அதை ஒரு துளையில் அழுத்தினார். போகவில்லை. இன்னொன்றில் அழுத்தினார். பிறகு திடீரென்று கேபினெட்டின் தகரத்தில் ஓங்கி அறைந்தார். கிண்ணம் கவிழ்ந்து திருகாணிகள் தரையெல்லாம் ஓடின.

"யாருளா இத தொட்டா? நான் இல்லாத நேரம் யாரோ கை வச்சிருக்காவ!"

இத்தனை வருஷத்தில் அவர் குரலை அப்படிக் கேட்டதில்லை. அவள் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு இசக்கிசெல்வி வந்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடப் ப்ராஜெக்டுக்குப் படம் பிரிண்ட் எடுக்க அவள் எப்போதும் வருவதுதான். சுந்தர்சிங் அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீதான். அங்கன இங்கன இருந்து பென்டிரைவ கொண்டுவந்து சொருகி, நீதான் இத நாசமாக்குன. இனி இந்த வாசப்படி ஏறாத."

இசக்கிசெல்வி வாசலிலேயே நின்றாள். "நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். வெயிலும் வயசும் சேர்ந்து கோபம் வருகிறது என்றுதான் ஜெயஷீலா அப்போதும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்த நேரத்தில், கேபினெட்டை ஒரு பழைய சேலையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, பஜாரில் செந்தூர்வேல் கடைக்குக் கொண்டுபோனாள். செந்தூர்வேலுக்குச் சுந்தர்சிங்கை நன்றாகத் தெரியும். யூ.பி.எஸ் சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பான்.

"அண்ணாச்சி வரலயா, அக்கா?"

"அவியளுக்குத் தெரியாது. லெந்து தொடங்கப் போவுது, என் பாட்டெல்லாம் இதுக்குள்ள கெடக்கு. என்னன்னு பாருப்பா."

அவன் மூடியைத் திறந்தான். கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்தான். ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் எதிலும் சேராமல் தொங்கியது. விசிறியின் ஒயர் வேறு எதிலோ வலுக்கட்டாயமாகச் செருகப்பட்டிருந்தது. பட்டன் பேட்டரி தலைகீழாக இருந்தது. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் எழுந்து நின்றது. அவளுடைய பாட்டுகள் திரையில் வந்தன.

"பழுது என்ன?" என்றாள்.

"மெஷின்ல ஒரு பழுதும் இல்லக்கா." அவன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அண்ணாச்சி இந்த பேட்டரிய எங்கிட்ட அடிக்கடி வாங்கிட்டுப் போறாவ. காலைல வாங்குவாவ, சாயங்காலம் வந்து அதையே கேப்பாவ. நான் தெருவுல யாருக்கோ செஞ்சு குடுக்காவன்னு நெனச்சேன்."

ஜெயஷீலா கேபினெட்டை மறுபடியும் சேலையில் சுற்றத் தொடங்கினாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். போன வாரம் கடையில இருந்து எறங்கி ரோட்டுல நின்னுட்டே இருந்தாவ. என்ன அண்ணாச்சின்னு கேட்டா, முத்தையாபுரம் பஸ் எங்கன நிக்கும்னு கேக்காவ. நான்தான் ஆட்டோல ஏத்தி விட்டேன். உங்க அக்காகிட்ட சொல்லிராதடேன்னு கையப் புடிச்சிட்டு சொன்னாவ."

கடைக்கு வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவளுக்கு அந்தக் கையைப் பிடித்ததுதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது. அப்படியென்றால் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவரிடம் படம் வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டார். கடைசியில் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். மறதி நோய். இனிமேல் குறைந்துகொண்டேதான் போகும். மாத்திரை அதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம், நிறுத்தாது.

திரும்பி வரும் பஸ்ஸில், வாகைக்குளம் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்குத் தெரியும், ஷீலா. கையில ஒயர எடுப்பேன். இது எதுக்குன்னு தெரியும், ஆனா எங்க போவும்னு வராது. ஒரு வெள்ளச் சொவரு மாதிரி வந்து நிக்கும்."

அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா உண்மையாயிருமே." பிறகு, "அந்தக் கம்ப்யூட்டர மட்டும் எடுத்துராத. சும்மா உக்காத்தி வச்சிட்டன்னா நான் சீக்கிரம் போயிருவேன்" என்றார்.

செந்தூர்வேல் சரிசெய்து அனுப்பிய கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது. பாட்டுப் புத்தகமும் முடிந்தது. ஆனால் அதிலிருந்துதான் வீட்டில் வேறு தொல்லை தொடங்கியது. பழுது இல்லாத கம்ப்யூட்டரின் முன்னால் அவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து உட்காருவார். ஸ்விட்சைப் போடுவார், ஓடும். அணைத்துப் போடுவார், மறுபடியும் ஓடும். கொஞ்ச நேரத்தில் எழுந்து வீட்டுக்குள் நடப்பார். வாசல் கேட்டைத் திறந்துகொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று ரோட்டில் இறங்கிவிடுவார். இசக்கிசெல்விதான் ஓடிப்போய்க் கூட்டிவருவாள். ஜெயஷீலா அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தாள். இசக்கிசெல்வி, "இத மொதல்லயே சொல்லப்பிடாதாக்கா" என்று அழுதுவிட்டாள்.

ஒருநாள் ஜெயஷீலா செந்தூர்வேலுக்குப் போன் செய்தாள்.

"ஏப்பா, கெட்டுப்போவாத மாதிரி அதக் கெடுக்கணும். என்ன செய்யலாம்?"

அவனுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் வழி சொன்னான். "கரண்ட அணச்சு ப்ளக்க உருவிட்டு, ரேம ஒரு பக்கம் லேசா தூக்கி விட்ருங்கக்கா. பீப் அடிக்கும், திரை வராது. திரும்ப அழுத்துனா சரியாயிரும். அண்ணாச்சிக்குக் கண்ண மூடிட்டு வரும்."

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் அவள் கேபினெட்டைத் திறந்தாள். இத்தனை வருஷம் அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாளே தவிர, கை வைத்ததில்லை. இரண்டு பக்கமும் இருந்த வெள்ளைக் கொக்கிகளை விலக்கியதும் அந்தப் பச்சைத் தகடு எழும்பி வந்தது. மூடியை மாட்டிவிட்டு அடுக்களைக்குப் போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

சிறிது நேரத்தில் 'பீப்' சத்தம் கேட்டது.

"ஷீலா! இந்தா, மறுபடியும் கத்துது!"

அந்தக் குரலில் கோபம் இல்லை. பழைய சுறுசுறுப்பு இருந்தது. அவர் தினத்தாளை விரித்தார், திறந்தார், முகர்வதுபோல் குனிந்து பார்த்தார். ரேமைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து, ஊதி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். 'டக்' என்று சத்தம். திரையில் வெளிச்சம் வந்தது.

"உப்புக்காத்துளா. வேற ஒண்ணுமில்ல" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கோடை முழுக்க அப்படித்தான் போயிற்று. காலையில் அவள் தூக்கி விடுவாள், அவர் அழுத்துவார். பெனிஷா வீடியோவில் வரும்போது, "உன் கம்ப்யூட்டர நான் இன்னும் ஓட வச்சிட்டு இருக்கேன்" என்பார். பெனிஷா முதலில் அம்மாவிடம் சண்டை போட்டாள்.

"எதுக்கும்மா அப்பாவ ஏமாத்துத? பாவமா இருக்கு."

"அவிய ஜெயிக்காவ பெனிஷா. ஒரு நாளைக்கு ஒருதடவ ஜெயிக்காவ. அதுக்கு நான் கள்ளியாயிட்டுப் போறேன்."

பெனிஷா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடிக் காற்று தொடங்கியபோது அவர் ரப்பரைத் தேட ஆரம்பித்தார். அது கண் முன்னால் இருக்கும். பிறகு ரேமைத் திருப்பிப் பிடித்து, அது ஏன் உட்காரவில்லை என்று திகைப்பார். அவள் காய் நறுக்குவதுபோல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பள்ளம் இந்தப் பக்கம்லா இருக்கு" என்பாள். "ஆமா ஆமா" என்று திருப்பி மாட்டுவார். முடியாத நாட்களில் அவர் கண்களில் நீர் கோர்த்துக்கொள்ளும். ஏதாவது சாக்குச் சொல்லி அவரை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, அவளே அழுத்தி வைப்பாள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலை. கேபினெட் திறந்து கிடந்தது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேடவில்லை, திகைக்கவும் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் மரியாதையாக, தள்ளி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜெயஷீலா குனிந்து ரேமை அழுத்தினாள். சத்தம் கேட்டது. ஸ்விட்சைப் போட்டாள். திரை வந்தது.

அவர் வியப்போடு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா வேல செய்திய. எங்கன படிச்சிய?"

அவர் அவளை ஒருநாளும் அப்படி மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவ செய்யதப் பாத்துப் படிச்சேன்."

"அவியளுக்கு எங்க வேல?"

"ஹார்பர்ல."

அவர் முகம் மலர்ந்தது. "நானும் ஹார்பர்தான்! பேரச் சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மழை ஜன்னலில் அடித்தது. அவள் சொன்னாள்.

"சுந்தர்சிங்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கேட்ட பேராத்தான் இருக்கு" என்றார். பிறகு திரையில் ஓடிய வண்ணங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

அன்றைக்கே பெனிஷாவுக்குப் போன் செய்தாள். "கிறிஸ்துமஸ் வரைக்கும் நிக்காண்டாம். லீவ் போட்டுட்டு வந்துரு" என்றாள். பெனிஷா காரணம் கேட்கவில்லை.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும் ஜெயஷீலாவின் கால்கள் பழக்கத்தில் முன்னறைக்குப் போயின. கேபினெட்டின் மூடியில் கை வைத்தாள். இனி ரேமைத் தூக்கி விட வேண்டிய அவசியம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மேஜையிலேயே தலையைச் சாய்த்து, டாக்டர் சொன்ன அன்றுகூட அழாத அழுகையை அழுதாள்.

குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"ஏங்க, வெளிய யாராவது இருக்கியளா? துண்டு ஒண்ணு வேணுமே" என்று அவர் கூப்பிட்டார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடியிலிருந்து துண்டை உருவினாள்.

"இருக்கேன். இந்தா வாறேன்" என்றாள்.