மூன்றாம் கொட்டகை மாடுகள்

முதலாளி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நானூறு மாடு நிக்குது. தீவனத்துல குறை வைக்கல. அப்புறம் ஏன் பண்ணை தேய்ஞ்சுகிட்டே போகுது?"

கேட்டது கறவைக் கூடத்து சூப்பர்வைசரிடம். பதினொரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவன். ஒரு மாதம் டைம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

தீவனக் கிடங்கை அலசினான். மெஷின்களைக் கழற்றிப் பார்த்தான். எதிலும் பழுதில்லை. கடைசியில் கூடத்துக்குப் பின்னால் போய் நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை ஐந்தாறு நாளைக்கு விற்க முடியாது, சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். அந்தச் சாக்கடை தினமும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதில் யாருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நோய் கண்ட மாடுகளின் எண்களை ஒரு தாளில் எழுதினான். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தான். பாதிக்கு மேல் மூன்றாம் கொட்டகை மாடுகள். அவற்றைக் கறப்பவர் அவனுடைய அக்காவின் கணவர்.

அவனை அந்தப் பண்ணையில் சேர்த்துவிட்டதே அவர்தான். அப்பா போன பிறகு நாலு வருடம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவரும் அவர்தான்.

அன்று மத்தியானக் கறவையின்போது அவர் பக்கத்தில் போய் நின்றான். மாமா மடியைத் துடைத்தார். மெஷின் மாட்டுவதற்கு முன்னால், நோய் இருந்தால் திரிந்து தெரியும் என்பதால், முதல் பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சினார். தட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோய், "சுத்தம்" என்று சொல்லிவிட்டு மெஷினை மாட்டப் போனார்.

"மாமா, தட்டுல என்ன தெரியுது?"

"பால் தெரியுது. வேற என்ன, உன் மூஞ்சியா தெரியும் மாப்பிள்ளை?"

"திரிதிரியா கெடக்கு மாமா."

சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறியது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "எங்க?" என்றார்.

அந்த மாட்டை அவனே ஒதுக்கிக் கட்டினான். கறவை முடிந்து இருவரும் பூட்ஸ் கழுவும் குழாயடியில் நின்றார்கள். வேறு யாரும் இல்லை.

"எத்தனை நாளா மாமா?"

"ஒரு வருஷம் இருக்கும். சர்க்கரை ஏறினதுலேர்ந்து புகை மூட்டம் போட்ட மாதிரி இருக்கு. கைப்பழக்கத்துல ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"அக்காவுக்கு?"

"தெரியாது. தெரியவும் கூடாது."

"முதலாளிகிட்ட சொல்லாம இருக்க முடியாது மாமா. ஒரு மாட்டைத் தொட்ட கை அடுத்த மாட்டைத் தொடுது. பண்ணை முழுக்கப் பரவும்."

மாமா குழாயை மூடினார். "சொல்லு. வேண்டாங்கல. ஆனா கண்ணுன்னு சொல்லாத. கவனமில்லன்னு சொல்லு, சோம்பேறின்னு சொல்லு. சோம்பேறிக்கு இன்னொரு இடத்துல வேலை கிடைக்கும். கண்ணு தெரியாதவனை யாரு சேர்ப்பா?"

ஈரக் கையை நீட்டினார். அவன் தயங்கினான். அவர் கையை மடக்கவில்லை. அவன் சத்தியம் செய்தான்.

அடுத்த நாள் முதலாளியின் அறையில், "கவனமில்லாம வேலை பார்க்கிறார் சார்" என்று சொன்னான். அந்த வாரமே மாமாவை அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அவன் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் ஒரு நாள் லீவு போட்டிருப்பாரா? காய்ச்சலோட போய்க் கறந்துட்டு வருவாரே. அவரைக் கவனமில்லாதவர்னு சொல்ல உனக்கு எப்படிடா நாக்கு வந்துச்சு?"

வாய் வரைக்கும் வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

பண்ணையில் அவன் சொன்னதெல்லாம் நடந்தது. நோய் கண்ட மாடுகளைக் கடைசியில் கறந்தார்கள். மாட்டுக்கு ஒரு துணி என்று வைத்தார்கள். மூன்றாம் கொட்டகைக்குக் கண்பார்வை தெளிவான இரண்டு பெண்கள் வந்தார்கள். மூன்றே மாதத்தில் சாக்கடை காய்ந்தது. தரம் குறைவென்று வண்டியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த பால் கம்பெனி, இன்னும் கிடைக்குமா என்று கேட்டு போன் செய்தது. முதலாளி எல்லார் முன்னாலும் அவன் தோளில் தட்டினார்.

மாமா ஒரு கிடங்கில் சாக்கு மடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். டாக்டரைப் பார்த்தீர்களா என்று அவன் இரண்டு தடவை போனில் கேட்டான். "போறேன் மாப்பிள்ளை, போறேன்" என்றார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. பண்ணையில் வேலை தலைக்கு மேல் இருந்தது.

ஐந்தாம் மாதம் மாமா டம்ளர் என்று நினைத்துத் தன் கையிலேயே கொதிக்கிற டீயை ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. கண் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போன் செய்ததும் அவன் ஓடினான்.

வராந்தா பெஞ்சில் மாமா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

மாமாதான் சொன்னார். "அவனை ஒண்ணும் சொல்லாத. நான்தான் சத்தியம் வாங்கினேன்."

அக்கா சத்தம் போடவில்லை. "உள்ள ரத்தம் கசிஞ்சு நரம்பு செத்துப்போச்சாம். அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு கண்ணையாவது காப்பாத்தியிருக்கலாமாம்" என்றாள். பிறகு மெதுவாக, "நீ அவரைப் பத்தித் தப்பா சொன்னதைக்கூட மறந்திருப்பேன்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்திருப்பேனே" என்றாள்.

அவன் அந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். மாமா கட்டுப் போடாத கையால் தடவி அவன் முழங்காலைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மாதம் ஒரு முறை ஊசிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவது அவன்தான். மிச்சமிருக்கும் வெளிச்சமாவது நிற்கட்டும் என்றுதான் அந்த ஊசி. காலையில் அவன் போய் நிற்கும்போது அக்கா மாமாவின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிடுவாள், மருந்துச் சீட்டைப் பையில் வைப்பாள். அவனை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொல்வாள். "படியில பார்த்து இறக்கச் சொல்லுங்க."

"சரிங்கக்கா" என்பான் அவன். அவள் அதற்குள் உள்ளே போயிருப்பாள்.