ஐந்து குழி

“ஒரு சாண் போதும்க்கா. ஒரு சாண் இடிச்சா பெட்டி உள்ள போயிரும்,” என்றார் கொத்தனார்.

குளிர்பெட்டி வாசலில் மாட்டிக்கொண்டு நின்றது. காலையில் கண் மூடிய அப்பா, தான் கட்டிய வாசல் குறுகலானதைப் பற்றிக் கவலையே இல்லாமல் உள்ளே கட்டிலில் கிடந்தார்.

“அடக்கம் நாளைக்கு சாயங்காலம்தான். வெயில் வேற கொளுத்துது,” என்றான் தம்பி.

“இடிங்க,” என்றாள் அக்கா.

நாலாவது அடியில் பூச்சும் செங்கல்லும் பொலபொலவென்று உதிர்ந்தன. அடுத்து நின்றது கருங்கல். அதில் வரிசையாக ஐந்து குழி.

அவள் கிட்டே போய் மறுபடி எண்ணினாள்.

ஊருக்கு வெளியே மேட்டில், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரையோ புதைத்துச் சுற்றிலும் ஒன்பது கல் நட்டிருந்தார்கள். முதல் கல்லில் ஒரு குழி, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஒன்பது வரை. ஐந்தாவது மட்டும் இல்லை. அகழாய்வு என்று பதினோரு வருஷம் அவள் அங்கே மண்ணைக் கிளறி, பின்னால் படையெடுத்து வந்த கூட்டம்தான் அதைப் பிடுங்கி எறிந்தது என்று புத்தகம் எழுதினாள். வேலை, விருது எல்லாம் அதனால் வந்தவை. விருது மேடைக்கு எதிரே முதல் வரிசையில் அப்பா. அவர் கண்ணில் நீர் முட்டியதைப் பெருமை என்று நினைத்திருந்தாள்.

“அம்மா, இந்தக் கல்லு எப்படி இங்க வந்துச்சு?”

“நீ வயித்துல அஞ்சு மாசம். வாசலுக்கு வலுவா கல்லு வேணும்னு லாரியில ஏத்திட்டு வந்தாரு.”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “சொல்லிருவோம்னுதான் சொன்னேன். மனுஷன் கேட்டாத்தானே. விருதுக் கூட்டம் முடிஞ்சு வந்து, ‘படையெடுத்து வந்தவன் நான்தான்டி’ன்னு மூணு நாள் விழுந்து விழுந்து சிரிச்சாரு.”

தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. சாவு வீடு என்று நினைவு வந்து அதை இருமலாக்கினான். பிறகு அவள் காதோரம் வந்தான். “பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது? உன் புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாதுக்கா.”

பெட்டி உள்ளே போயிற்று. அப்பாவைத் தூக்கி வைத்து மூடினார்கள். கண்ணாடிக்குள் அவர் வாயோரம் லேசாகக் கோணியிருந்தது.

அவள் வாசலுக்குத் திரும்பினாள். குழிகளில் விரல்களை வைத்துப் பார்த்தாள். ஐந்தும் பொருந்தின.

கொத்தனார் சிமெண்டைக் குழைத்துவிட்டு ஆர்வமாக நிமிர்ந்தார்.

“அக்கா, மூடிப் பூசிரட்டுமா, இல்ல இப்படியே தெரியிற மாதிரி விட்டுரவா? என்னைக் கேட்டா கல்லு சூப்பரா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?”