முன் சில்லில் பூட்டு

என் புருஷனுடைய சாவிக்கொத்தை வாவியில் விட்டது மாமனார்தான். அந்தியேட்டியன்று சாம்பல் கரைக்கப் போனபோது, பிள்ளைக்குப் பிடித்த சாமானெல்லாம் அவனோடே போகட்டும் என்று கைக்கடிகாரம், சீப்பு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் சாம்பல் முட்டிக்குள் போட்டுவிட்டார். மோட்டார் சைக்கிளின் முன் சில்லில் பூட்டுக் கிடப்பது அந்த மனுஷனுக்கு நினைவில்லை. எங்களுக்கும்தான். வந்த சனம் சாப்பிட்டுப் போன பிறகு, முற்றம் கூட்டுவதற்காக வண்டியைத் தள்ளப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

என் புருஷன் பெயர் துசாந்தன். பிறேக் தட்டில் அந்த இரும்புப் பூட்டைக் கொழுவாமல் ஒருநாளும் படுக்க மாட்டார். "முத்தத்தில நிக்கிற வண்டிய நண்டா கொண்டு போகப்போகுது?" என்று நக்கலடிப்பேன். அன்றைக்கும் பூட்டிவிட்டுத்தான் மீனுக்குப் போனார். தோணியில் நின்றவர்மேல் இடி விழுந்தது.

அந்தியேட்டி முடிந்த அன்று, விளக்கு வைக்கிற நேரம் முதன்முதலாய் அந்தச் சத்தம் கேட்டது. டக். எட்டிப் பார்த்தேன். காற்று இல்லை, முற்றத்தில் ஆளும் இல்லை. முன் சில்லு தன்பாட்டில் கொஞ்சம் உருண்டது. பூட்டுப் போய்ச் சில்லைத் தாங்கும் இரும்பில் முட்டியது. சில்லு பின்னுக்கு வந்தது. திரும்பவும் டக்.

அதன்பிறகு ஒவ்வொரு பொழுதுபடவும் அதே கூத்து. பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. வண்டி வீட்டு வாசலைப் பார்த்து நின்றது. பூட்டைக் கழற்றினால் மனுஷன் உள்ளே வந்துவிடுவார். எப்படி வருவார், என்னவாக வருவார் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. வந்தால் போதும்.

மாமி கனகமணிக்கு வேறு கணக்கு. "அவன் போக ஏலாமக் கிடந்து தவிக்கான் புள்ள. எல்லாச் சடங்கும் செஞ்சு அனுப்பிப்போட்டு, சில்லப் பூட்டி வச்சிருக்கம்."

"இல்ல மாமி. அவர் வீட்டுக்கு வரத்தான் பாக்கார்."

பூட்டை வெட்ட வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை.

வாழைச்சேனையிலிருந்து மெக்கானிக் றுஸ்தி நானா பின்னேரம் வந்தார். சாவித் துவாரத்துக்குள் எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், துளை போட்டார். துளைக்கிற கம்பி முறிந்தது. பூட்டைச் சரித்துப் பார்த்தவர் கையை உதறினார்.

"இதுக்குள்ள தண்ணி நிக்கி தங்கச்சி. மழையில நனைஞ்சதா?"

மழை பெய்து கனநாள். துவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கூடவே பச்சையாய் ஒரு துண்டு வாவிப்பாசி. மாமி வாயைப் பொத்திக்கொண்டார். நானா ஈரச் சாக்கால் சில்லை மூடிவிட்டுக் கிரைண்டரைப் பிடித்தார். பொறி பறந்தது. பொழுது சாயும்போது பூட்டு இரண்டாகி மண்ணில் விழுந்தது.

வண்டியைத் தள்ளிப் பார்க்கலாம் என்று நானா ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். உடனே கையை விட்டுப் பின்னால் பாய்ந்தார்.

"யா அல்லாஹ்! இது இழுக்கி!"

நான் ஓடிப்போய்க் கைபிடியைப் பிடித்தேன். வண்டி விழவில்லை. ஆள் ஏறி இருப்பதுபோல நேராக நின்றது. பிறகு மெல்லப் பின்னுக்கு நகர்ந்து, வாசலை விட்டுத் திரும்பி, தெருப் படலையைப் பார்த்து நின்றது.

"உள்ளுக்கு வாங்க," என்றேன். "கதவு திறந்துதானே கிடக்கு."

கைபிடி என் கைக்குள் இலேசாக அசைந்தது. முரட்டு இழுவை இல்லை. விடியப்புறம் தோணிக்குப் போகும்போது, தூக்கத்தில் நான் பிடித்திருக்கும் கையை அவர் அப்படித்தான் உருவுவார், நான் எழும்பிவிடக் கூடாது என்று. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. இத்தனை நாளும் நான் வாசலில் காத்திருக்க, அவர் போகத்தான் முட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"விடு புள்ள," என்றார் மாமி.

விரல்களை எடுத்தேன். வண்டி சத்தமில்லாமல் வாவிப் பக்கம் உருண்டது. படலையடியில் ஒருக்கால் நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை.